கதவு எந்தத் தலைப்பில் வரும்?

இராணுவக் கொள்முதல் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் அவருக்கு மார்க் போடும் வேலை. அறை வாசல் பலகையில் ஒப்பந்த மதிப்பீட்டாளர் என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் கீழே வாசல் காவலர் முதல் மேலே இயக்குநர் வரை எல்லோருக்கும் அவர் ‘மார்க்கு சார்’. பள்ளிக்கூட வாத்தியாராவது பிள்ளையின் முகத்தைப் பார்த்து மார்க் போடுவார். இவர் காகிதத்தை மட்டும் பார்த்துப் போடுபவர்.

அப்போது அவர் கையில் இருந்தது ஆம்புலன்ஸ் ஒப்பந்தம். நாற்பது வண்டிகளைச் செய்து கொடுப்பதும், ஐந்து ஆண்டுகள் பழுதுபார்த்து ஓடும் நிலையில் வைத்திருப்பதும் ஒரு நிறுவனத்தின் பொறுப்பு. செலவழித்த பணம் எப்படியும் அவர்களுக்குத் திரும்பி வந்துவிடும். லாபம் என்று கையில் நிற்பது ஊக்கத்தொகை மட்டும். அது ஆறு மாதத்துக்கு ஒருமுறை இவர் போடும் மார்க்கைப் பொறுத்தது. நூற்றுக்கு நூறு வாங்கினால் முழுத் தொகை. ஐம்பதுக்குக் கீழே போனால் ஒன்றும் இல்லை. நன்றாகச் செய்தால் நன்றாகக் கிடைக்கும் என்று தெரிந்தால் எவன்தான் நன்றாகச் செய்ய மாட்டான்? இந்த யோசனையைக் குறிப்பாக எழுதி, மேலிடத்துக்கு நடையாய் நடந்து, செருப்புத் தேய்ந்து அனுமதி வாங்கியவரும் அவரேதான்.

தலைப்பு வாரியாக மார்க் போடும் படிவத்தில் ஒரு சங்கதி உண்டு. எண்பத்தைந்தும் அதற்கு மேலும் போட்டால் கடைசிப் பக்கத்தில் ஒரு கையெழுத்துப் போதும். அதற்குக் கீழே போட்டால் காரணம் காட்டிப் பதினொரு இணைப்புகள் வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் மூன்று பிரதி. ஏழு அரையாண்டுகளாக அந்த நிறுவனம் எண்பத்தெட்டுக்குக் கீழே இறங்கியதே இல்லை. நல்ல நிறுவனம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் நம்பினார். நம்பாமல் இருப்பதற்குப் பதினொரு இணைப்பு வேண்டுமே.

எட்டாவது அரையாண்டுக்கு மார்க் போட வேண்டிய மாதத்தில் மனைவியின் தம்பி விடுமுறையில் வந்து சேர்ந்தான். இராணுவத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டுபவன். அந்த நாற்பதில் ஒன்றுதான் அவன் வண்டியும். வலது கட்டைவிரலில் கத்திரிக்காய் அளவுக்கு ஒரு கட்டு.

“என்னடா இது, யாரோட சண்டை?” என்றாள் அக்கா.

“கதவோடக்கா.”

“உனக்கு எப்பவும் விளையாட்டுதான்.”

“நெஜமாத்தான். மச்சானையே கேளு. அவர் மார்க் போட்ட கதவு.”

செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்த மச்சான் தாளைத் தாழ்த்தினார்.

“என்ன மாப்ளே, விவரமாச் சொல்லு.”

“பின்கதவு மச்சான். உள்ளேர்ந்து திறக்கப் பிடி கிடையாது. ஒரு சின்னத் தகடு இருக்கும், அதை விரல் நுனியால கீழ தள்ளணும். கொஞ்சம் புழுதி ஏறிட்டா தகடு அப்படியே பிடிச்சுக்கும். போன மாசம் கால் ஒடிஞ்ச ஒருத்தனை ஏத்திட்டு வரேன், முன்னாடி எஞ்சின்லேர்ந்து புகை கிளம்பிடுச்சு. உள்ள அவனும் மருத்துவ உதவியாளும் கதவைத் தட்டுறாங்க, தட்டுறாங்க. நான் எறங்கி ஓடிப்போய் வெளிலேர்ந்து இழுத்துத் திறந்தேன். நல்லவேளை புகையோட போச்சு. அப்புறம், அப்படி என்னதான் இருக்கு இதுலன்னு நானே உள்ள உக்காந்து தள்ளிப் பாத்தேன். நகம் போனதுதான் மிச்சம்.”

“பழுதுச் சீட்டு எழுதிக் குடுத்தியா?”

“பாத்தியாக்கா, ஆள் செத்தாலும் சீட்டைத்தான் கேப்பாரு.” அவன் சிரித்தான். “குடுத்தேன் மச்சான், மூணு சீட்டு. மூணுக்கும் ஒரே பதில். ‘பயன்படுத்துவோர் தவறு.’ சரி, போன தடவை எத்தனை மார்க் போட்டீங்க?”

“தொண்ணூத்தொண்ணு.”

“வண்டிக்குள்ள ஏறிப் பாத்துட்டா?”

அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். மனைவி சிரித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

“என்னங்க, இவன் பிரிவு ரெண்டு மாசத்துல மலைக்கு மேல போகுதாம். அங்க இவனே உள்ள மாட்டிக்கிட்டா யாரு வந்து திறப்பா? எனக்கு உங்க மார்க்கு கீர்க்கெல்லாம் தெரியாது. அதுக்குள்ள அந்தக் கதவைச் சரிபண்ண வைங்க.”

மறுநாளே அவர் பழுதுச் சீட்டுக் கட்டுகளை இறக்கினார். கதவைப் பற்றிப் பதினேழு சீட்டுகள் இருந்தன. மச்சினன் எழுதியவை மூன்று. மீதி பதினான்கும் அவன் முகமே பார்த்திராத ஓட்டுநர்கள் எழுதியவை. எல்லாவற்றிலும் ‘பயன்படுத்துவோர் தவறு’ என்ற கட்டத்தில் நிறுவனம் போட்ட ஒரே மாதிரியான டிக். டிக் போட்ட கை அலுத்துப் போயிருக்க வேண்டும். கடைசிச் சீட்டில் அது வெறும் கோடாக இருந்தது.

அதோடு விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் எதையும் அடிவரை பார்த்துவிடும் பழக்கம் அவருடையது. ஒப்பந்தத்தின் முதல் வரைவையும் எடுத்துப் புரட்டினார். பதினெட்டாம் பக்கத்தில் ஒரு வரி: ‘நோயாளி இருக்கும் பகுதியின் கதவு உள்ளிருந்து ஒரு கையால் திறக்கக் கூடியதாக இருத்தல் வேண்டும்.’ அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. ஓரத்தில் குறிப்பு: ‘இத்தகைய சில்லறை நிபந்தனைகள் தேவையில்லை. விளைவைக் கேட்போம், வழியை நிறுவனமே கண்டுகொள்ளும். ஊக்கத்தொகை பார்த்துக்கொள்ளும்.’

கையெழுத்து அவருடையது. ‘ழ’வின் வாலைச் சுழித்துவிடும் பழக்கம் அந்த அலுவலகத்தில் வேறு யாருக்கும் கிடையாது.

வரைவை மூடி வைத்தார். பிறகு பதினொரு இணைப்புகளையும் எழுதத் தொடங்கினார்.

மூன்றாம் இணைப்பை எழுதும்போது இயக்குநர் கூப்பிட்டார். ஓய்வு பெற ஒரு வருடமே இருந்த மனிதர். மேசைமேல் எந்தக் காகிதமும் தங்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

“எண்பத்தாறு போட்டுட்டு ஒரு கடிதம் எழுதிடுங்களேன். காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சிடும்.”

“கடிதத்தை யார் சார் படிப்பாங்க? அவங்க படிக்கிறது மார்க்கை மட்டும்தான்.”

“நீங்க கொண்டுவந்த திட்டம். நீங்களே குறைச்சுப் போட்டா திட்டம் தோத்துடுச்சுன்னு ஆகாதா?”

“குறைச்சுப் போட முடியலன்னாதான் சார் தோத்துடுச்சுன்னு அர்த்தம்.”

இயக்குநர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “நல்லாத்தான் பேசறீங்க. முப்பத்துமூணு பிரதியையும் நீங்களே தட்டச்சுப் பண்ணுங்க. நம்ம ஆளுங்களைக் கேக்காதீங்க.”

அவரே தட்டச்சு செய்தார். மதிய இடைவேளைகள் போயின. மச்சினன் வீட்டில் இருந்தும் அவனோடு உட்கார்ந்து ஒரு வாய் டீ குடிக்க நேரமில்லை. ஏழாம் இணைப்பில் பக்க எண் மாறிப்போய் மூன்று பிரதியையும் திரும்ப அடித்தார். ஆனாலும் அவருக்குள் பல வருடமாக இல்லாத ஒரு தெம்பு இருந்தது. இந்த ஒரு தடவை காசு குறைந்தால் கதவு திறந்துவிடும். அதற்காகத்தானே இத்தனையும் ஏற்படுத்தியது?

மதிப்பீட்டுக் குழு கூடிய அன்று நிறுவனத்தின் மேலாளர் வந்திருந்தார். அலுவலகத்தில் அவருக்கு ‘சிரிச்ச முகம்’ என்று பெயர். நாற்பது நிமிடம் வண்ணப் படங்களாகப் போட்டுக் காட்டினார். நாற்பதில் முப்பத்தொன்பது வண்டிகள் ஓடும் நிலையில். அறிக்கைகள் அனைத்தும் கெடுவுக்கு இரண்டு நாள் முன்னதாக. குழுவினர் தலையாட்டினார்கள். அப்புறம் மார்க்கு சார் எழுந்து பதினேழு சீட்டையும் ஒவ்வொன்றாகப் படித்தார். பன்னிரண்டாவது சீட்டில் ஒரு ஓட்டுநர், ‘உள்ளே இருப்பவருக்குக் கையும் காலும் நன்றாக இருந்தால் அவர் ஏன் ஆம்புலன்ஸில் வருகிறார்?’ என்று எழுதியிருந்தார். அதைக் கேட்டதும் தலையாட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

அறுபத்தொன்று என்று முடிவாயிற்று. எண்பத்தைந்துக்குக் கீழே போனது அந்த அலுவலகத்தின் வரலாற்றில் அதுவே முதல் முறை.

அவர் கூட்டத்தை விட்டு வெளியே வந்தபோது, சிரிச்ச முகம் படிக்கட்டு அருகில் காத்திருந்தார். இரண்டு கையாலும் இவர் கையைப் பற்றிக் குலுக்கினார்.

“ரொம்ப நன்றி சார்.”

“நான் அறுபத்தொண்ணு போட்டிருக்கேன்.”

“அதுக்குத்தான் சார் நன்றி. நாலாவது தலைப்பைப் பாருங்க. ‘முந்தைய அரையாண்டைவிட முன்னேற்றம்’, பத்து மார்க். தொண்ணூத்தொண்ணுல நிக்கிறவன் எங்க சார் ஏறுவான்? ஒவ்வொரு தடவையும் அதுல ரெண்டு, மூணுதான் கிடைக்கும். எங்க முதலாளி என்னைத் திட்டாத நாளில்ல. இப்ப நீங்க கீழ இறக்கிவிட்டுட்டீங்க. இனிமே ஏற வேண்டியதுதான்.”

சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். இங்கே சறுக்கினால்தான் ஏற முடியும் போலிருந்தது.

“இந்தத் தடவை குறைஞ்ச தொகை?”

“அது எங்க சார் போயிடும்? பதினாலாவது பிரிவு. கிடைக்காத தொகை அடுத்த அரையாண்டோட சேந்துக்கும். ‘நிறுவனம் மனம் தளராதிருக்கும் பொருட்டு’ன்னு அழகா எழுதியிருக்கீங்களே.”

எழுதியிருந்தார். அந்தத் தொடரை எழுதிய நாளில் அதை மனைவிக்குப் படித்துக்கூடக் காட்டியிருந்தார்.

“அப்போ கதவு?”

சிரிச்ச முகம் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தார். கிண்டலே இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினார்.

“கதவு எந்தத் தலைப்புல சார் வருது? சொல்லுங்க, நாளைக்கே ஆள் போடறேன். தலைப்பு இல்லாத வேலைக்கு ஆள் போட எனக்கு அனுமதி கிடையாது.”

“ரெண்டாவதுல வராதா?”

“ரெண்டாவது ‘ஓடும் நிலை’. வண்டி ஓடுதே சார். கதவு திறக்கலன்னா இன்னும் நல்லாவே ஓடும்.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். இவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார். “குழு மார்க்கைக் குறைச்சது எதுக்குன்னு தீர்மானத்துல பாருங்க. ‘பழுதுச் சீட்டுகளைத் தவறான கட்டத்தில் பதிந்தமை.’ அதை இன்னிக்கே சரி பண்ணிடறோம். பதினேழையும் ‘இதர’ங்கிற கட்டத்துக்கு மாத்திடறோம். கோச்சுக்காதீங்க சார். மார்க் எதுக்கோ அதைச் செய்யுங்கன்னு சொன்னது நீங்க. செய்யறோம்.”

அந்த மனிதர்மேல் கோபப்படக்கூட வழியில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

கதவுக்கு ஒரு தலைப்புச் சேர்க்க முடியுமா என்று சட்டப் பிரிவில் கேட்டார். ஒப்பந்தத் திருத்தம், இரண்டு தரப்பும் ஒப்ப வேண்டும், குறைந்தது எட்டு மாதம். மச்சினன் மலைக்குப் போக ஐந்து வாரம்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலையில் மச்சினன் கிளம்ப வேண்டும். அவனிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார், சிவப்புக் கோட்டைத் தவிர. அப்புறம் அதையும் சொன்னார்.

அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தார். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“ஃபெயில் பண்ணினா போனஸ் குடுக்கிற பள்ளிக்கூடம்! மச்சான், நான் படிக்கிற காலத்துல நீங்க ஏன் வாத்தியாரா வரல?”

“சிரிக்காதடா,” என்றாள் அக்கா. “நீ போற வண்டிடா அது.”

“விடுக்கா. நாங்களே ஏதாவது பண்ணிக்கிறோம். அந்தத் தகட்டுல ஒரு ஓட்டை போட்டு நல்ல கெட்டியான பட்டையாக் கட்டித் தொங்கவிட்டா, படுத்துக்கிட்டே ஒரு இழு இழுத்துத் திறக்கலாம். பட்டைதான் வேணும். கயிறு வழுக்குது.”

காலையில் அவர் அலுவலகம் கிளம்பப் பையை எடுத்தால், பையின் தோள்பட்டை வாரைக் காணோம். பன்னிரண்டு வருடப் பை, பச்சைக் கான்வாஸ், அந்த வாரில் பேனா கசிந்து ஊதா நிறத்தில் ஒரு திட்டு இருக்கும். இரண்டு முனையையும் கத்தியால் சுத்தமாக அறுத்திருந்தான்.

“உங்க மச்சினன்தான் எடுத்துட்டுப் போயிட்டான்,” என்றாள் மனைவி. “கேட்டா குடுக்க மாட்டீங்களாம். சீட்டு எழுதிக் குடுக்கச் சொல்வீங்களாம்.”

அதன் பிறகு ஆறு மாதமும் அவர் பையைக் கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய் வந்தார். திருத்தத்துக்கான கோப்பு சட்டப் பிரிவுக்கும் நிதிப் பிரிவுக்கும் நடுவில் எங்கேயோ கிடந்தது. வாரம் ஒரு நினைவூட்டல் எழுதினார். இருபத்து நான்காவது நினைவூட்டலுக்கு ஒரு பதில் வந்தது: ‘தங்கள் நினைவூட்டல் கிடைக்கப் பெற்றோம்.’

ஒன்பதாவது அரையாண்டு வந்தது. சிரிச்ச முகத்தின் அறிக்கை கெடுவுக்கு மூன்று நாள் முன்னதாகவே வந்துவிட்டது. முதல் பக்கத்தில் முழு அளவில் ஒரு வண்ணப் படம். மேலே கொட்டை எழுத்தில்: ‘உட்புறத் திறப்பு உதவிப் பட்டை. பயனாளர் கலந்தாய்வின் வழியே எட்டப்பட்ட முன்னேற்றம்.’

படத்தில் ஒரு ஆம்புலன்ஸ் கதவு. அதில் தொங்குவது பச்சைக் கான்வாஸ் வார். நடுவில் ஊதா மைத் திட்டு.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அவருடைய வார்தான்.

தொலைபேசியை எடுத்தார்.

“இந்தப் பட்டை எத்தனை வண்டியில இருக்கு?”

“படத்துல இருக்கிற வண்டியில இருக்கு சார்.”

“மத்த முப்பத்தொன்பதுல?”

“நாலாவது தலைப்பு, ‘முன்னேற்றம் உண்டா’ன்னுதான் சார் கேக்குது. எத்தனை வண்டியிலன்னு கேக்கல.” குரல் மெதுவாயிற்று. “நானும் முதலாளிகிட்ட கேட்டேன் சார், எல்லா வண்டிக்கும் போடலாமேன்னு. ஒரு வண்டிக்குப் போட்டாலும் பத்து மார்க், நாற்பதுக்குப் போட்டாலும் பத்து மார்க். அப்புறம் எதுக்குன்னு கேட்டாரு. என்னத்தச் சொல்ல?”

கூட்டிப் பார்த்தார். தொண்ணூற்றேழு வந்தது. இன்னொரு தாளில் கூட்டினார். தொண்ணூற்றேழுதான். குழுவில் எடுத்துச் சொன்னார். எல்லோரும் அந்தப் படத்தைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். “பாருங்க, போன தடவை நீங்க கண்டிப்பா இருந்ததுனாலதான் இந்த முன்னேற்றம்,” என்று குழுத் தலைவர் அவர் தோளைத் தட்டினார். திட்டம் வேலை செய்கிறது என்று தீர்மானத்தில் ஒரு வரியும் சேர்த்தார்கள்.

தொண்ணூற்றேழுக்குக் காரணம் எழுதத் தேவையில்லை. ஆனாலும் அவர் நான்கு பக்கம் எழுதி இணைத்தார். கோப்புப் பிரிவிலிருந்த பெண் அதை மட்டும் தனியாகப் பிரித்துத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

“சார், எண்பத்தஞ்சுக்கு மேல போனா இணைப்பு வைக்க எடமே இல்ல சார். ஃபைல்ல அந்த அட்டையே கிடையாது. கையெழுத்து மட்டும் போடுங்க.”

போட்டார். மூன்று விநாடி ஆயிற்று.

அடுத்த வருடம் வாங்கப்போகும் அறுபது வண்டிகளுக்கான வரைவும் அதே வாரம் அவர் மேசைக்கு வந்திருந்தது. பதினெட்டாம் பக்கத்தில் அந்த வரியைத் தன் கையாலேயே திரும்ப எழுதி, ‘திறக்காத வண்டி ஏற்கப்படாது’ என்று சேர்த்து அனுப்பினார். இயக்குநரிடமிருந்து வரைவு திரும்பி வந்தது. அந்த வரியைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். பக்கத்தில் ஒரு கேள்வி: ‘இதற்கு எத்தனை மதிப்பெண்?’

‘மதிப்பெண் இல்லை’ என்று அடியில் எழுதி மறுபடி மேலே அனுப்பினார். அது இன்னும் வரவில்லை.

மலையிலிருந்து மச்சினன் பேசும்போது இரைச்சலாகக் கேட்டது.

“உங்க வார் இன்னும் தாங்குது மச்சான். நல்ல வார். மத்த ஓட்டுநருங்களும் கேக்கறாங்க. இங்க அந்த மாதிரித் துணி கிடைக்கல. ஒருத்தன் இடுப்பு பெல்ட்டைக் கழட்டிக் கட்டியிருக்கான். ஒரு கையால கால்சட்டையைப் பிடிச்சுக்கிட்டுதான் நடக்கறான். வேற பழைய பை ஏதாவது இருக்கா?”

அன்று மதியம் அவர் சாப்பிடப் போகவில்லை. அலுவலகத்துக்குப் பின்தெருவில் பை தைக்கும் கடை ஒன்று இருந்தது. ஆறடிக்கு ஆறடி அறை. வாசலையே அடைத்துக்கொண்டு ஒரு தையல் மெஷின். தைப்பவர் வாயில் ஊசியைக் கடித்தபடியே நிமிர்ந்தார்.

“வார் வேணும். நாற்பது,” என்றார் மார்க்கு சார். “ஒரு முழ நீளம். கெட்டிக் கான்வாஸ். ஒரு முனையில இரும்பு வளையம், இன்னொரு முனையில கை நுழையற மாதிரி மடிப்பு.”

“எதுக்குங்க?”

“கதவு திறக்க.”

தைப்பவர் ஊசியை எடுத்தார். “கதவுக்கு ஒரு பிடி வச்சா முடிஞ்சுதே.”

“வைக்கல.”

“அது சரி. வியாழக்கிழமை வாங்க.”

வியாழக்கிழமை நாற்பதும் கட்டாகத் தயாராக இருந்தன. அவர் கட்டைப் பிரித்து, சுவரில் இருந்த ஆணியில் ஒவ்வொன்றாக மாட்டி, ஒரு கையால் முழு பலத்தோடு இழுத்துப் பார்த்தார். தைப்பவர் மெஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். பதினாறாவதில் மடிப்பு பிரிந்தது. முப்பத்தொன்றாவதில் வளையம் கையோடு வந்துவிட்டது. இரண்டையும் எடுத்து மேசைமேல் தனியாக வைத்தார். வாக்குவாதத்துக்குத் தயாராக நின்றார், பழக்கம் அப்படி.

தைப்பவர் மெஷினில் புது நூல் கோத்தார். இரண்டையும் எடுத்து, பிரித்து, இன்னும் இரண்டு ஓட்டம் சேர்த்துத் தைத்து நீட்டினார்.

“இப்ப இழுங்க.”

இழுத்தார். நின்றது.

“எதுவும் பிரிஞ்சுதுன்னா திருப்பிக் கொண்டாங்க, தச்சுத் தரேன்,” என்றவர், இவர் மார்போடு அணைத்திருந்த பையைப் பார்த்தார். “அதுக்கும் ஒண்ணு போட்டுரட்டுமா? துணி மிச்சம் இருக்கு.”